ஒரு தம்ளர் வெந்நீர்

எனக்கு வெந்நீர் குடிக்கும் பழக்கம் உண்டு. வெயில் காலத்திலும் அதுதான். நான் கேட்காமலே அந்தக் காவலரிடம் சொல்லி ஒரு தம்ளர் வரவழைத்தீர்களே மேடம், நன்றி. சிறிய விஷயம்தான். ஆனால் இந்த மாதிரிச் சிறிய விஷயங்களில்தான் கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவள் நான். பெரிய உதவி செய்கிறவர்களுக்கு நாலு பேர் மெச்ச வேண்டும் என்ற ஆசை கொஞ்சம் கலந்திருக்கும். தம்ளரைத் தொட்டுப் பார்த்து, சூடு அதிகமோ என்று யோசித்து நீட்டுகிறவர்களிடம் அந்தக் கலப்படம் இருக்காது.

தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். வெந்நீரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் தொடங்கியது.

எங்கள் வீடு இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. தம்பிக்குச் சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் கால்கள் இரண்டும் சோர்ந்துவிட்டன. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. கைகள் நன்றாக இருக்கின்றன, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது. அப்பா முதலில் போனார், பிறகு அம்மா. அம்மா போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு உன்னை விட்டா யாருடி இருக்கா?" என்றாள். அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நான் கட்டளையாக எடுத்துக்கொண்டேன்.

காலையில் அவனைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பிட வைத்துவிட்டு நான் மருந்துக்கடை வேலைக்குப் போவேன். மதியம் வந்துவிடுவேன். இரண்டு மூன்று இடங்களில் என்னைப் பெண் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது. பிரியமாகச் செய்வதற்குத் தியாகம் என்று பெயர் வைக்கக்கூடாது.

டிவியில் மாட்டி விளையாடுகிற அந்தக் கேம் கன்சோலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு விளையாட்டின் மேல் கோபம் எதுவும் கிடையாது. முதலில் அவன் தனியாக விளையாடினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். "அக்கா, இப்ப பாரு, இந்தப் பயலை எப்படி அடிக்கிறேன்னு" என்பான். எனக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் பார்ப்பேன். அடித்து முடித்ததும் என் முகத்தைத்தான் திரும்பிப் பார்ப்பான். அது நல்ல காலம்.

பிறகு அவன் இணையம் வைத்து விளையாட ஆரம்பித்தான். ஒரு கப்பல் விளையாட்டு. எங்கெங்கோ இருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து ஒரே கப்பலை ஓட்டுவார்கள். ஒருவர் பாய் இழுக்க, ஒருவர் சரக்கு அடுக்க, தம்பி சுக்கான் பிடிப்பான். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. இவன் தனக்கு ஆமை என்று பெயர் வைத்துக்கொண்டான். ஒரு பெண்ணுக்கு மைனா என்று பெயர். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அவனுக்கு நான் பேசுவது கேட்காது. அவன் சிரிப்பது மட்டும் எனக்குக் கேட்கும். எதற்குச் சிரிக்கிறான் என்று தெரியாமல் ஒருவருடைய சிரிப்பைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்கியிருக்கிறீர்களா, மேடம்? பரவாயில்லை, பதில் சொல்ல வேண்டாம்.

ஒரு சாயங்காலம் மைக்ரோவேவ் ஓவனில் ஒரு தம்ளர் தண்ணீரைச் சுட வைத்தேன். அது ஓடத் தொடங்கியதும் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"அக்கா, நெட் போச்சு."

தண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். தலைமுடி காதோரம் அமுங்கிக் கிடந்தது.

"கப்பலைப் பாறையில விட்டுட்டு நான் மட்டும் வெளிய வந்துட்டேன்க்கா. இப்ப அங்க எல்லாரும் என்னைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க."

"திட்டட்டும். வந்து சாப்பிடு."

அன்றைக்கு வெகு நேரம் பேசினோம். அம்மா கோபம் வந்தால் எப்படிக் கதவைச் சாத்துவாள் என்று நடித்துக் காட்டினான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. எதையும் நான் திட்டமிடவில்லை. மறுநாள் மறுபடி வெந்நீர் வைத்தேன். மறுபடி நெட் போனது. ஓவன் நின்றதும் வந்தது. சமையலறைச் சுவரை ஒட்டிய பலகையில்தான் ரூட்டர் இருந்தது, அதற்கு நேர் கீழே ஓவன். எனக்குக் காரணம் தெரியாது. ஆனால் விளக்குப் போட்டால் வெளிச்சம் வரும் என்பதற்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை அல்லவா.

அதற்குப் பிறகு எனக்கு அடிக்கடி தாகம் எடுத்தது.

அவன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கன்சோலை அணைத்துப் போட்டுப் பார்த்தான். வைஃபையை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தான். திரையில் ஒரு சோதனை வரும், இணைப்பு எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும். அதை ஓட்டிவிட்டுப் பரீட்சை முடிவைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பான். "அக்கா, ரூட்டர் பிளக்கை ஒரு தடவை பிடுங்கி மாட்டேன்" என்பான். பிடுங்கி மாட்டுவேன். சரியாகிவிடும். "உன் கைராசிக்கா" என்பான். சிறிது நேரம் விட்டு எனக்குத் தாகம் எடுக்கும்.

இப்படிக் கொஞ்ச காலம் போனது. அவனே கம்பெனிக்குப் போன் போட்டு நெட்காரரை வரச் சொன்னான்.

வந்தவர் என் வயதுக்காரர். தோளில் பெரிய பை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, படியேறிய மூச்சு அடங்குவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"சொல்லுங்க தலைவரே. எப்பல்லாம் போகுது?"

"நான் ஜெயிக்கப் போறப்பல்லாம்."

"அது நெட் பிரச்சினை இல்ல, ஜாதகம். அதுக்கு வேற ஆளைக் கூப்பிடணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் வேறோர் ஆண் குரல் அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது. அவர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டே கூடத்தில் நடந்தார். சமையலறை வாசலில் நின்றார். நான் ஓவனில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"இது எப்பவும் இங்கதான் இருக்குமாக்கா?"

"ஆமா."

"இப்ப ஒரு தம்ளர் தண்ணி வையுங்க, பாப்போம்."

வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? ஓவன் ஓடியது. கூடத்திலிருந்து தம்பி, "போச்சு" என்றான். நின்றது. "வந்துடுச்சு" என்றான்.

"கண்டுபிடிச்சாச்சு தலைவரே. உன் வைஃபையும் இந்த ஓவனும் ஒரே ரோட்டுல போற வண்டி. இது லாரி, அது சைக்கிள். லாரி வந்தா சைக்கிள் ஓரமாத்தானே போகணும்." கன்சோலில் எதையோ மாற்றினார். இதே ரூட்டரில் இன்னொரு பாதை இருக்கிறதாம், அதில் ஓவன் குறுக்கே வராதாம். ரூட்டரையும் அந்தப் பலகையிலிருந்து எடுத்து, நடையில் இருக்கிற உயரமான அலமாரியின் உச்சியில் வைத்தார். எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் அங்கேயே ஏற்றி, அதன் ஸ்விட்சைப் போட்டார். உயரத்தில் இருந்தால் நன்றாகப் பரவும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அந்த அலமாரி சுவரோடு அறையப்படாதது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பிறகு ரூட்டரின் உள்பக்கத்தை என் போனில் திறந்து காட்டினார். வீட்டில் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று அதில் பெயர் பெயராகத் தெரியும். என் போன், தம்பி போன், டிவி, ஆமை என்று அவன் பெயர் வைத்திருந்த கன்சோல். "உங்களுக்குத் தெரியாத பேர் ஏதாவது இருந்தா, பக்கத்து வீட்டுக்காரங்க உங்க நெட்டைத் திங்கிறாங்கன்னு அர்த்தம். அந்தப் பேரைத் தொட்டா சிவப்பாயிடும். அப்புறம் அது உள்ளேயே வர முடியாது."

புறப்படும்போது வாசலில் நின்று, "வெந்நீர் நிறையக் குடிப்பீங்களோக்கா?" என்றார்.

"தொண்டைக்கு நல்லது."

"ரொம்ப நல்லது" என்றார். கண்ணில் கேலி இல்லை. அதுதான் எனக்கு அவரிடம் பிடிக்காமல் போனது.

அதற்குப் பிறகு வெந்நீர் வெறும் வெந்நீராகிவிட்டது. தம்பியின் கப்பல் பாறையில் மோதுவதே இல்லை. நான் வேலை முடிந்து வந்தால் தலையை மட்டும் ஆட்டுவான். ஒரு நாள் மருந்துக்கடையில் கூட்டம் இல்லை. போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கடையில் இருந்தாலும் வீட்டு ரூட்டர் தெரியும், அதற்கும் அவரே வழி செய்து வைத்திருந்தார். ஆமை என்ற பெயரைத் தொட்டேன். சிவப்பானது. ஒருவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்குப் போனபோது அவன் ஹெட்போன் இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, வந்துட்டியா" என்றான். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

எப்போதும் அப்படிச் செய்யவில்லை. தேவைப்பட்டபோது மட்டும்தான். என்ன தேவை என்று கேட்கிறீர்கள். எனக்கு மனசு சரியில்லாத நாட்களில். அவனுக்குச் சளி பிடித்திருக்கும்போது. அவன் ரொம்பச் சிரித்த நாட்களுக்கு மறுநாள். ஒரு நேரம் சிவப்பு, ஒரு நேரம் பச்சை. முழுவதும் நிறுத்திவிட்டால் மறுபடி நெட்காரர் வருவார் என்பதும் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை.

அவன் கன்சோல்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தான். அதை ஜன்னல் பக்கம் வைத்தான், கதவுப் பக்கம் வைத்தான், தலைகீழாகக் கூட வைத்தான். எல்லா அமைப்பையும் அழித்து முதலிலிருந்து ஏற்றினான். அதில் அவன் சேர்த்து வைத்திருந்த கப்பல், பட்டம் எல்லாம் போய்விட்டது. நண்பர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டான். அவர்களும் சுக்கான் பிடிக்க வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். சாப்பாடு குறைந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தேன், அவனுக்குப் பிடித்ததைச் சமைத்தேன். ஆறுதலாக இருப்பதும் உதவிதானே.

அவன் என்னை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போனைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் போன் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கியது. அது தற்செயல்தான். பழுது பார்க்கிற கடையில் நான்தான் கொடுத்தேன். அவன் கேட்கும்போதெல்லாம், "பார்ட்ஸ் வரலையாம்டா" என்பேன். போன் எப்போதோ சரியாகிவிட்டது. மருந்துக்கடையில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம். சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொண்டேன்.

மைனா மட்டும் அவனை விடவில்லை. இணைப்பு வருகிற நேரம் பார்த்துக் காத்திருப்பாள் போலிருக்கிறது. ஒரு நாள் அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அவள் குரலை டிவியிலேயே வைத்தான்.

"அக்கா, இவ உன்கிட்டப் பேசணுமாம்."

"வணக்கம்க்கா. உங்க தம்பி ஆமை இல்லக்கா, முயல். நல்லா ஓடிட்டு இருக்கும்போது திடீர்னு தூங்கிடுது."

"நெட் சரியில்லம்மா."

"அதான் பாவமா இருக்கு. எங்க ஆபீஸ்ல கேம் டெஸ்ட் பண்ண ஆள் எடுக்கிறாங்க. இவரை மாதிரி கண்ணு யாருக்கும் கிடையாது. எங்க தப்பு இருக்குன்னு பாத்த உடனே சொல்லிடுவாரு. நான் பேசி வெச்சிருக்கேன். நீங்க சரின்னு சொன்னா போதும்."

டிவியிலிருந்து ஒரு பெண் என் வீட்டுக் கூடத்தில் நின்று என்னிடம் சம்மதம் கேட்கிறாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தது. சந்தோஷம் என்று சொன்னேன்.

அவள் போன பிறகு தம்பி முழுவதையும் சொன்னான். ஒரு வியாழக்கிழமை மதியம் கன்சோல் வழியாகவே நேர்காணல். அவர்கள் புது விளையாட்டு ஒன்றை அனுப்புவார்கள், இவன் விளையாடிக்கொண்டே அதில் என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். எடுத்துக்கொண்டால் ஆபீசுக்குப் பக்கத்திலேயே அறை தருவார்கள். தரைத்தளம். அகலமான கதவு. நாற்காலி போகச் சரிவுப் பாதை.

"படியே கிடையாதாம்க்கா. நானே வெளிய போய் நானே டீ குடிச்சிட்டு வரலாம்."

"யார் குளிப்பாட்டுவா?"

"உக்காந்து குளிக்கிற மாதிரி கம்பி எல்லாம் வெச்சிருக்காங்களாம். பழகிக்கலாம்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீயும் எத்தனை வருஷம்தான் என்னைத் தூக்கிட்டே இருப்ப? உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேண்டாமா? எங்கயாவது போ, யாரையாவது பாரு. நான் ஞாயித்துக்கிழமை வந்து உன் சமையலைக் குறை சொல்லிட்டுப் போறேன்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். எனக்குப் புரிந்தது. என்னை வீட்டைவிட்டு அனுப்புகிற மாதிரியும் இருந்தது. அதுவும் புரிந்தது.

அவன் அந்த நாளுக்காக என் போனை வாங்கி நெட்காரரை மறுபடி கூப்பிட்டான். அவர் தன் பையிலிருந்தே ஒரு நீளமான வயரை எடுத்தார். வேறு எங்கோ மிச்சமானதாம், காசு வேண்டாம் என்றார். தரையில் மண்டியிட்டு, சுவரோரமாக ஒவ்வொரு ஆணியாக அடித்து ரூட்டரையும் கன்சோலையும் இணைத்தார். காற்றில் வருவதை நம்பினால்தான் தொல்லை, வயர் ஒரு நாளும் ஏமாற்றாது என்றார். பிறகு தன் போனில் ரூட்டரின் உள்பக்கத்தைத் திறந்தார்.

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் ஓரிடத்தில் நின்றது.

"என்ன ஆச்சு?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்ல தலைவரே. உன் ஆமை இங்க சிவப்புல நிக்குது. தெரியாம யாரோ கை பட்டிருக்கும்." என்னைப் பார்க்காமலே சொன்னார். "எடுத்துட்டேன். இந்தப் பக்கத்துக்குப் புதுசா ஒரு பாஸ்வேர்டும் போட்டுட்டேன். உன் காதுல மட்டும் சொல்றேன். இனிமே யார் கையும் தெரியாமப் படாது."

அவர் நினைத்திருந்தால் அங்கேயே என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. சிறிய கருணை என்பது அதுதான், நான் மதிக்கிறேன். நான் சமையலறைக்குப் போய் வெந்நீர் வைத்தேன். அவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது, என்னவென்று கேட்கவில்லை. ஓவன் சத்தம்.

கீழே வரை அவரை வழியனுப்பப் போனேன். படியில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"அவன் போயிடுவான்னு பயமாக்கா?"

"உங்களுக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகுதே" என்றேன்.

"ஆகட்டும். எங்கம்மாவும் என்னை விடவே மாட்டேன்னாங்க. விட்டாங்க. இப்ப நான்தான் விடாமப் போய்ப் பாத்துட்டு வரேன். யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன், மேடம். வியாழக்கிழமை வரை வேறு எதையும் யோசிக்கவில்லை.

அன்று காலை பிரார்த்தனை செய்தேன். அவனுக்கு எது நல்லதோ அதை நடத்திக்கொடு என்று கேட்டேன். நான் லீவு போட்டிருந்தேன். அவனுக்கு இஸ்திரி போட்ட சட்டை எடுத்துக் கொடுத்தேன். "அக்கா, அவங்க என்னைப் பாக்க மாட்டாங்க, குரல் மட்டும்தான்" என்றான். "குரலுக்கும் நல்ல சட்டை வேணும்டா" என்றேன். சிரித்தான். தலை வாரிவிட்டேன். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைனாவோடு பேசிப் பார்த்தான், எல்லாம் தெளிவாக இருந்தது. நேரம் நெருங்கியது.

கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேன். நடையில் முக்காலியைப் போட்டு ஏறினேன். அலமாரி உச்சியில் இருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தேன். முக்காலியைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தேன். வெளியே வந்து, வழக்கம்போல் கதவைப் பூட்டினேன். முதலில் நான் உங்களிடம் கடையில் இருந்ததாகச் சொன்னேன். அது பொய். மன்னிக்க வேண்டும். எங்கள் கதவுக்கு வெளியே, படியில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில், "அக்கா, நெட் போச்சு" என்றான். நான் போய்விட்டதாக நினைவு வந்திருக்கும். நாற்காலிச் சக்கரம் நடைக்கு வரும் சத்தம் கேட்டது. ரூட்டரில் விளக்கு எரியவில்லை என்று பார்த்திருப்பான். ஒட்டடைக் கம்பு சுவரில் உரசியது. அவன் மூச்சு வாங்குவது கூடக் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. கம்பால் ஸ்விட்சைத் தட்டப் பார்க்கிறான் என்று புரிந்தது. எட்டவில்லை. கம்பை விட்டுவிட்டு, அலமாரியைக் கையால் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்திருக்க வேண்டும். கைகளில் அவனுக்கு நல்ல பலம்.

அலமாரி விழுந்த சத்தம் மாடி முழுவதும் கேட்டிருக்கும். ஆனால் அது வேலை நேரம், மற்ற வீடுகளில் யாரும் இல்லை.

பிறகு அவன் கூப்பிட்டான்.

நான் உட்கார்ந்திருந்தேன். நேர்காணல் முடிகிற நேரம் வரட்டும், பிறகு உள்ளே போகலாம், தூக்கி உட்கார வைக்கலாம், மருந்து போடலாம் என்றுதான் இருந்தேன். எலும்பு முறிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ரத்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்க முடிந்தது.

கீழே யாரோ இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார்கள். நெட்காரர். அன்றைக்கு ஓவன் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போனது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. அவர் தன் நம்பரை மைனாவுக்குக் கொடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை இந்தத் தெருவிலேயே வேலையைப் போட்டுக்கொள்கிறேன், இணைப்பு போனால் எனக்கு அடிக்கச் சொல்லு என்று. அவள் அடித்திருக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் நின்றார்.

"அக்கா, இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?" அப்போது உள்ளே அவன் குரல் கேட்டது. ரொம்ப மெல்லிசாக. அவர் முகம் மாறியது. "உள்ள என்ன சத்தம்?"

"தம்பி."

"சாவி குடுங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு" என்றேன்.

அவர் திட்டவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்துக்கொண்டார். பார்த்துத்தான் பிரித்தார், வலிக்கவில்லை.

இடுப்பெலும்பு என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். தலையில் தையல். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் ரத்தம் போயே போயிருப்பான் என்றும் சொன்னீர்கள். மைனா ஊரிலிருந்து வந்து பக்கத்தில் இருக்கிறாளாம். ஆபீசில் அவனுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்களாம். நெட்காரர் அவனுக்குத் தன் பழைய போனைக் கொடுத்திருக்கிறாராம். எல்லாரும் நல்லவர்கள். அவனுக்குக் குழம்பில் காரம் ஆகாது, இரண்டு தலையணை வேண்டும், இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். அவர்களிடம் சொல்லுங்கள். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான் என்கிறீர்கள். வலியில் சொல்லியிருப்பான்.

ஸ்விட்சை அணைத்தது நான். கதவைப் பூட்டியது நான். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்ததும் நான். இதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் எழுந்து போகவில்லை என்று இதோடு மூன்றாவது தடவை கேட்கிறீர்கள். நேர்காணல் முடியட்டும் என்றுதான் என்று சொன்னேன். அது மட்டும் இல்லை. உங்களுக்குச் சொன்னால் என்ன. உள்ளே கிடந்து அவன் மைனாவைக் கூப்பிடவில்லை, நெட்காரரைக் கூப்பிடவில்லை. அக்கா, அக்கா என்று அவ்வளவு நேரமும் என்னைத்தான் கூப்பிட்டான், மேடம். கதவைத் திறந்திருந்தால் அது நின்றுபோயிருக்கும்.